ஈயக்குட்டைக் கரையில் விரிந்த கூரை

"குட்டைப் பக்கம் போகாதே" என்பதுதான் எங்கள் வீட்டில் முதல் பாடம். அகரம் எழுதப் பழகியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜா வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர்க் காடு முடியும் இடத்தில் வெள்ளை மணல் தொடங்கும். மணல் முடியும் இடத்தில் பச்சைத் தண்ணீர். கரையோரம் முழங்கால் அளவு, அடுத்த அடியில் ஆளை விழுங்கும் ஆழம். பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் தாய்மார்களுக்குக் குலை நடுக்கம். யாராவது ஒரு பையன் வீடு திரும்பவில்லை என்றால் எல்லோர் கண்ணும் முதலில் குட்டைப் பக்கம்தான் திரும்பும். என்னோடு இரண்டாம் ஆண்டு படித்த ஒருவன் அப்படித்தான் போனான். அவன் உட்கார்ந்த பலகையில் அந்த ஆண்டு முழுவதும் வேறு யாரையும் ஆசிரியர் உட்கார வைக்கவில்லை.

அப்படிப்பட்ட குட்டைகளின் நடுவில்தான் இன்று உலகம் பாராட்டும் கல்விக்கூடம் ஒன்று எழுந்து நிற்கிறது. ஈப்போவிலிருந்து லுமுட் நோக்கிச் செல்லும் சாலையில், துரோனோவைத் தாண்டி, ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அது. ஈப்போவில் பல ஆண்டுகள் படவரைஞராக வேலை பார்த்தவன் என்ற உரிமையில், அந்தக் கட்டடம் பிறந்த கதையை இங்கே பதிவு செய்கிறேன்.

பள்ளங்கள் வந்த கதை

கட்டடத்தைப் பற்றிப் பேசுமுன் அதன் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் வட்டாரம் அடங்கிய கிந்தா பள்ளத்தாக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் மிக வளமான ஈய (வெள்ளீய) நிலங்களில் ஒன்றாகப் பெயர் பெற்றது. துரோனோவின் பெயரைத் தாங்கிய சுரங்க நிறுவனம் 1901இல் பதிவானது. ஒரு சிற்றூரின் பெயர் லண்டன் பங்குச் சந்தை வரைக்கும் போனது ஈயத்தால்தான்.

ஈயம் எடுத்த முறையே குட்டைகளுக்குக் காரணம். பெரிய குழாயிலிருந்து பீறிடும் தண்ணீரை மண் கரையில் அடிப்பார்கள். கரைந்து ஓடும் சேற்றைப் பம்பு வைத்து உயரத்துக்கு ஏற்றி, 'பாலோங்' என்னும் சரிவான மரத் தொட்டியில் விடுவார்கள். ஈயக்கல் தண்ணீரைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு எடை உள்ளது. மணல் இரண்டரை மடங்குதான். ஆகவே தொட்டியின் குறுக்குக் கட்டைகளில் ஈயம் தங்கிவிடும், மணல் வெளியே ஓடிவிடும். 'துலாங்' என்னும் அரிதட்டோடு இடுப்பளவு தண்ணீரில் நின்ற பெண்கள் எஞ்சியதை அரித்தெடுத்தார்கள். சமவெளியில் ஈயக் கப்பல்கள் தங்கள் குளத்தைத் தாங்களே தோண்டிக்கொண்டு அதிலேயே மிதந்து நகர்ந்தன. 1938இல் கட்டப்பட்ட 4,500 டன் எடையுள்ள அத்தகைய கப்பல் ஒன்றை இன்றும் தஞ்சோங் துவாலாங்கில் காணலாம்.

1985 அக்டோபரில், ஈய விலையைத் தாங்கிப் பிடித்து வந்த அனைத்துலக ஈய மன்றத்தின் கையிருப்புப் பணம் தீர்ந்தது. லண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நின்றது. விலை சரிந்ததும் கிந்தாவில் பம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. தண்ணீரை இறைத்துக் கொட்டுவார் இல்லாததால் பள்ளங்கள் மழையில் நிரம்பின. எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு எல்லோரும் போய்விட, நமக்கு மிஞ்சியவை மணல் மேடுகளும் குட்டைகளும்தான்.

தகரக் கூரையின் கீழ்

ஈயம் தோண்டிய காலத்தில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பள்ளிக் கட்டடம் எப்படிப்பட்டது? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று யார் கவலைப்பட்டார்கள்? கோயில் மண்டபத்தில் நடந்த பள்ளிகள் உண்டு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையின் ஒரு மூலையில் நடந்தவையும் உண்டு. என் பள்ளி ஒரு நீளப் பலகைக் கொட்டகை. மேலே தகரம். பிற்பகல் மழை பிடித்தால் ஆசிரியர் வாய் அசைவது மட்டும் தெரியும், குரல் கேட்காது. அவர் கரும்பலகையில் ஏதாவது எழுதிப்போட்டுவிட்டு மழை ஓயும்வரை காத்திருப்பார்.

மழை எங்கள் தாய்மார்களுக்கும் பகைதான். விடியற்காலையில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போகும்போது மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை வந்தால் மங்கு என்னும் கோப்பையில் இருக்கும் ரப்பர்ப் பால் தண்ணீராகிக் கீழே வழியும். எப்படிப் பார்த்தாலும் அன்றைய கூலியில் துண்டு விழும். வானம் இருண்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு நிரை நிரையாக ஓடுவதுதான் அவர்கள் கண்ட வாழ்க்கை.

இதே வட்டாரத்தில் தமிழர் கைகள் பெரிய கட்டடம் எழுப்பாமலும் இல்லை. பத்து காஜாவுக்கு அருகில் கிந்தா கெல்லாஸ் தோட்டத்தின் உரிமையாளர் வில்லியம் கெல்லி ஸ்மித், 1915இல் தொடங்கிய மாளிகைக்காகச் சென்னை மாகாணத்திலிருந்து ஆட்களை வரவழைத்தார். விஷக்காய்ச்சல் பரவி வேலையாட்கள் பலர் மாண்டனர். எஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர் அருகில் மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். 1926இல் லிஸ்பன் நகரில் அவர் இறந்தார். மாளிகை முற்றுப்பெறவே இல்லை. ஒரு குடும்பத்துக்காக எழுந்த மாளிகை சுற்றுலாத் தலமாகிவிட்டது. அந்த வேலையாட்கள் கும்பிட்ட கோயிலில் மட்டும் இன்றும் விளக்கு எரிகிறது. யாருக்காகக் கட்டுகிறோம் என்ற கேள்வி எத்தனை பெரியது என்பதற்கு எங்கள் வட்டாரத்துச் சாட்சி அது.

கல்விக்கூடம் வந்தது

பேராக்கில் தொழில்நுட்பக் கல்வி ஸ்ரீ இஸ்கண்டாரில் தொடங்கியதன்று. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் பாலிடெக்னிக், ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியோடு 1969இல் ஈப்போவில் தொடங்கப்பட்டது. தோட்டப்புறத்திலிருந்து எஸ்.பி.எம். தேர்வு முடித்து வந்த எத்தனையோ பேர் அங்கேதான் முதன்முதலாகக் கடைசல் எந்திரத்தைத் தொட்டார்கள்.

ஸ்ரீ இஸ்கண்டாரில் முதலில் இயங்கியது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம். அது பிறகு நிபோங் திபாலுக்கு இடம் மாறியது. 1974இல் உருவான தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் தனக்கும் நாட்டுக்கும் தேவையான பொறியியலாளர்களை உருவாக்க எண்ணி, 1997 ஜனவரி 10ஆம் நாள் இப்பல்கலைக்கழகத்தை நிறுவியது. வேதிப் பொறியியல், எந்திரவியல், மின்னியல், கட்டுமானப் பொறியியல் எனத் தொழிலோடு ஒட்டிய பாடங்கள். பட்டம் பெறுமுன் மாணவர்கள் மாதக்கணக்கில் தொழிற்சாலைகளில் பயிற்சி பெற்றாக வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே இதன் சிறப்பு.

நிலம் ஏறத்தாழ 450 ஹெக்டர். செங்குத்தான சிறு குன்றுகள், காடு, இடையிடையே ஈயக்குட்டைகள். சுமார் 6,000 மாணவர்களுக்கு இங்கே வளாகம் அமைக்கும் பொறுப்பு பிரிட்டனின் ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் நிறுவனத்துக்கும் கோலாலம்பூரைச் சேர்ந்த ஜி.டி.பி. ஆர்க்கிடெக்ட்ஸ் நிறுவனத்துக்கும் வந்து சேர்ந்தது.

நார்மன் ஃபாஸ்டரைப் பற்றி நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1935இல் மான்செஸ்டர் வட்டாரத்தில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 16 வயதில் பள்ளியை விட்டு நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போனார். பின்னர் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தபோது ஐஸ்கிரீம் விற்றும் ரொட்டிக் கடையில் வேலை செய்தும் தன் படிப்புச் செலவைத் தானே பார்த்துக்கொண்டார். ஹாங்காங்கின் செக் லாப் கொக் விமான நிலையம் அவர் நிறுவனத்தின் வடிவமைப்பு. கட்டடக்கலையின் மிக உயர்ந்த மரியாதையான பிரிட்ஸ்கர் பரிசு 1999இல் அவருக்குக் கிடைத்தது. தொழிலாளி வீட்டுப் பிள்ளை வரைந்த பிளான், தொழிலாளர்கள் வாழ்ந்த மண்ணில் கட்டடமானது.

கூரையே வழி

லம்பம் என்று நாங்கள் சொல்லும் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் கட்டுவது சாதாரண வேலை அன்று. கழுவிக் கொட்டிய மணல் ஒரு பக்கம் இருக்கும், மெல்லிய சேறு படிந்த இடம் இன்னொரு பக்கம் இருக்கும். அந்தச் சேறு ஆண்டுகள் பல ஆனாலும் இறுகுவதில்லை. அதன்மேல் அலட்சியமாகச் சுவர் எழுப்பினால் ஒரு மூலை இறங்கும், வெடிப்பு ஓடும். எத்தனையோ வீடமைப்புப் பகுதிகளில் இதைக் கண்ணால் பார்த்தவன் நான். மண்ணைச் சோதித்து, ஆழம் பார்த்து, தேவையான இடத்தில் பைலிங் அடித்துத்தான் தரையைத் தொட வேண்டும்.

எளிய வழி ஒன்று இருக்கிறது. குன்றை வெட்டிக் குட்டையில் தள்ளிச் சமன் செய்துவிட்டுப் பெட்டி பெட்டியாகக் கட்டடங்களை அடுக்கிவிடலாம். வடிவமைத்தவர்கள் அதைச் செய்யவில்லை. குன்றுகளை அப்படியே விட்டு, மீண்டும் மரம் நட்டு நடுவில் ஒரு பூங்காவாக்கினார்கள். கல்விக் கட்டடங்களைக் குன்றுகளின் அடிவாரத்தைச் சுற்றி வளைத்து அமைத்தார்கள். ஏரிகளாகிவிட்ட குட்டைகளும் தம் இடத்திலேயே இருக்கின்றன.

அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் இக்கட்டடத்தின் உயிர். பேராக்கில் யாரும் மறக்க முடியாதவை இரண்டு: உச்சி வெயில், பிற்பகல் மழை. காலையில் வானம் தெளிந்திருக்கும், நான்கு மணிக்குக் கொட்டித் தீர்க்கும். ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு நடந்து போகும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் என்ன செய்வார்கள்? நடக்கும் வழிக்கே கூரை போட்டுவிட்டார்கள். மெல்லிய உயர்ந்த தூண்கள் தாங்கும் பிறை வடிவக் கூரைகள் பூங்காவின் ஓரமாக வளைந்து வளைந்து செல்கின்றன. கூரையின் கீழே, அதன் நிழலிலேயே, நான்கு மாடி வகுப்பறைகளும் ஆய்வுக்கூடங்களும் கொத்துக் கொத்தாக நிற்கின்றன. ஒரு பிறையும் இன்னொரு பிறையும் வெட்டிக்கொள்ளும் இடங்களில் வாசல்கள், காப்பிக் கடைகள், மாணவர் கூடும் இடங்கள். மேலிருந்து பார்த்தால் முழு அமைப்பும் ஐந்து முனை நட்சத்திரம்.

இந்தக் கருத்து நமக்குப் புதியது அன்று என்பதுதான் என்னை நெகிழ வைக்கிறது. ஈப்போ பழைய நகரத்துக் கடை வீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைவழியை நினைத்துப் பாருங்கள். ஒரு கடைக்காரர் தன் வாசலில் விட்ட ஐந்தடி அடுத்த கடையின் ஐந்தடியோடு சேர்ந்து, தெரு முழுவதும் நனையாமல் நடக்கும் வழியாகிறது. லயத்து வீடுகளின் நீளத் திண்ணையும் அப்படித்தான்: வெற்றிலை இடிப்பது, சண்டை தீர்ப்பது, கல்யாணம் பேசுவது எல்லாம் அங்கேதான். மழைக்கு ஒதுங்கிய இடத்தில் பேச்சு பிறக்கும், பேச்சில் உறவு பிறக்கும். ஃபாஸ்டர் குழுவின் பிறைக் கூரை அந்த ஐந்தடியின் பேருருவம் என்றே எனக்குப் படுகிறது. எந்திரவியல் மாணவனும் வேதிப் பொறியியல் மாணவியும் ஒரே வழியில் நடக்க வேண்டியிருக்கிறது. ஒரு துறையின் சிக்கலுக்கு இன்னொரு துறையின் மாணவர் விடை சொல்லும் வாய்ப்பைக் கட்டடமே உருவாக்கித் தருகிறது.

படவரைஞன் கண்ணோடு நான் கவனித்த இன்னொன்று: நடைவழிகளுக்குக் குளிர்சாதனம் இல்லை. நிழலும் காற்றும் போதும் என்று விட்டுவிட்டார்கள். வகுப்பறைகளுக்கு வேண்டிய குளிர்ச்சி, எரிவாயுவால் இயங்கும் வளாக நிலையத்திலிருந்து வருகிறது. எரிவாயு மின்சாரம் தருகிறது. வீணாகும் வெப்பத்தையும் விடாமல் பிடித்துத் தண்ணீரைக் குளிரவைக்கப் பயன்படுத்துகிறார்கள். புத்தகத்தில் படிக்கும் வெப்பவியல் மாணவரின் தலைக்கு மேலேயே குழாயில் ஓடுகிறது. தொழில்நுட்பம் கற்பிக்கும் இடத்தில் கட்டடமே முதல் பாடநூலாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

முகப்பு

வளாகத்தின் நுழைவாயிலில் முரசு போன்ற வட்ட வடிவில் நிற்பது வேந்தர் வளாகம். வட்டத்தின் ஒரு பாதி நூலகம். மறு பாதி 3,000 பேர் அமரும் பெருமண்டபம். பட்டமளிப்பு விழாக்கள் அங்கேதான். படிக்கும் இடத்தையும் படித்து முடித்ததைக் கொண்டாடும் இடத்தையும் ஒரே வட்டத்துக்குள் வைத்தது அழகான எண்ணம். நூலகத்தில் உட்காரும் பிள்ளைக்கு எதிர்ப்புறம் என்ன காத்திருக்கிறது என்பது தெரிந்துகொண்டே இருக்கும்.

கட்டடப் பணி 2004இல் நிறைவடைந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2007ஆம் ஆண்டின் ஆகா கான் கட்டடக்கலை விருது இந்த வளாகத்துக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் கோலாலம்பூர் பெட்ரோனாஸ் கோபுரத்தில்தான் பரிசளிப்பு நடந்தது. அந்த இரட்டைக் கோபுரமே 2004இல் இதே விருதைப் பெற்றிருந்தது.

அந்தச் சுற்றில் விருது பெற்றவை 9. அவற்றில் இன்னொரு பள்ளியும் இருந்ததை நாம் மறக்கக் கூடாது. வங்காளதேசத்தின் ருத்ராபூர் கிராமத்தில் மண்ணாலும் மூங்கிலாலும் ஊர் மக்களின் கையாலேயே கட்டப்பட்ட தொடக்கப்பள்ளி அது. கண்ணாடியும் எஃகும் கொண்ட பெரிய வளாகத்தையும் களிமண் சுவர்ப் பள்ளியையும் ஒரே மேடையில் பாராட்டினார்கள். பணம் எவ்வளவு என்று பார்க்கவில்லை. அந்த மண்ணையும் மழையையும் மனிதரையும் கட்டடம் எந்த அளவுக்கு மதித்தது என்று பார்த்தார்கள். தகரக் கொட்டகையில் படித்து வந்த எனக்கு அந்தச் செய்தி தந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. நம் தமிழ்ப்பள்ளிகளுக்குப் புதிய கட்டடம் எழுப்பும்போதெல்லாம் பெற்றோர் சங்கங்களும் வாரியங்களும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்: மழை வரும்போது பிள்ளைகள் எங்கே நிற்பார்கள்? ஓய்வு நேரத்தில் எங்கே உட்கார்ந்து பேசுவார்கள்? இருக்கும் மரத்தை வெட்டாமல் சுவரை வளைக்க முடியாதா?

தண்ணீர் மாறியது

குட்டைகளின் கதை இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. பத்து காஜா அருகில் பழைய ஈயக்குட்டைகள் கிந்தா இயற்கைப் பூங்காவாகிவிட்டன. கொக்கும் நாரையும் அங்கே கூடு கட்டுகின்றன. சில குட்டைகளில் மீன் வளர்க்கிறார்கள். ஸ்ரீ இஸ்கண்டாரிலோ தண்ணீருக்கு அருகிலேயே ஒரு தலைமுறை படிக்கிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, வீடமைப்புத் திட்டங்களாகி, நம் மக்கள் நகரங்களுக்குச் சிதறியது பெரிய சோகம். அந்தச் சோகத்துக்கு மருந்து கைத்தொழிலும் தொழில்நுட்பமும்தான் என்று நம்புகிறவன் நான். எல்லாப் பிள்ளைகளும் பல்கலைக்கழகம் போக வேண்டும் என்பதில்லை. ஈப்போவில் பாலிடெக்னிக் இருக்கிறது, தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. 2012 தொடங்கித் தொழிற்கல்விப் பள்ளிகள் தொழிற்கல்விக் கல்லூரிகளாக உயர்த்தப்பட்டிருக்கின்றன. பற்றவைப்போ, மின்னிணைப்போ, குளிர்சாதனப் பழுதோ, எதைக் கற்றாலும் அது தலைநிமிர்ந்து வாழ வைக்கும் கல்வி. பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இந்த வாசல்களை ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஒரு பிற்பகல்

என் மகள் இப்பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஒருநாள் என் தாயாரையும் அழைத்துக்கொண்டு போனேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டிய கைகள் அவருடையவை. காரை விட்டு இறங்கியதும் ஏரியைப் பார்த்தார். சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. "இது குட்டைதானே?" என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

நான்கு மணி வாக்கில் வானம் இருண்டது. கூரையின் கீழே ஒரு பலகையில் அமர்ந்திருந்தோம். முதலில் தூரத்துக் குன்றின் மரங்கள் மறைந்தன, பிறகு ஏரி மறைந்தது, பிறகு கூரையின் இரண்டு ஓரங்களிலும் தண்ணீர் திரை போலத் தொங்கியது. நடுவில் மாணவர்கள் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி நடந்துகொண்டே இருந்தார்கள். யாரும் தலைமேல் கை வைக்கவில்லை. யாரும் பேச்சை நிறுத்தவில்லை. என் மகள் ஒரு தோழியோடு நின்று ஏதோ கணக்கைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தாள்.

அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"பாருய்யா, இம்புட்டு மழை பேயுது. ஒருத்தரும் ஓடலையே."

பெரிய விருதுகள் எத்தனை வந்தாலும், அந்தக் கட்டடத்துக்குக் கிடைத்த சான்றிதழ்களில் என் மனத்தில் முதலிடம் பெற்றது அந்த வார்த்தைதான். மழைக்கு ஓடி ஓடிக் கூலி இழந்த ஒரு தலைமுறையின் பேத்தி, ஓடாமல் நின்று படிக்க ஓர் இடம் இந்த மண்ணில் எழுந்திருக்கிறது. இதை வாசிக்கும் இளையோர் அத்தகைய இடங்களில் படிக்க வேண்டும். படித்த பிறகு, அடுத்த பிள்ளைகளுக்காக அத்தகைய கூரைகளைத் தாங்களே கட்டித்தர வேண்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.